பேஸ்பால்: 2025-இல் நுழைந்த இளம் பிட்சர்களில் யாரை முதலிடத்தில் வைப்பீர்கள்?

ஒஹாயோவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 2025 பருவம் முடிந்திருக்கும் இந்த நேரத்தில், அந்தப் பருவத்தில் அமெரிக்காவின் தலையாய தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலுக்குள் நுழைந்த இளம் பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) ஒரு வரிசையில் அடுக்கி, என்னுடன் பணிபுரியும் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிறு வயது முதல் இந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர். பட்டியலைப் பார்த்ததும் முதல் பெயரையும் நான்காவது பெயரையும் இடம் மாற்றச் சொன்னார். அவர் சொன்ன காரணம் எனக்கு முழுமையாகப் பிடிபடவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பால் ஸ்கீன்ஸை நான் சேர்க்கவில்லை. புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2023 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வாகி, 2024-இல் 1.96, 2025-இல் 1.97 என்ற ஈ.ஆர்.ஏ.வுடன் (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் கணக்கில் வரும் சராசரி ரன்; குறைவாக இருப்பதே நல்லது) புதுமுக விருதையும் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் அடுத்தடுத்துப் பெற்றுவிட்டவரை இன்னும் நம்பிக்கைக்குரிய இளைஞர் என்று அழைப்பது பொருந்தாது. மேஜர் லீக்கில் முழுப் பருவம் ஒன்றை இன்னும் ஆடி முடிக்காதவர்களையே எடுத்துக்கொண்டேன். என் வரிசை: மில்வாக்கி ப்ரூவர்ஸின் ஜேக்கப் மிசியரோவ்ஸ்கி, சின்சினாட்டி ரெட்ஸின் சேஸ் பர்ன்ஸ், டொராண்டோ ப்ளூ ஜேஸின் ட்ரே யெசாவேஜ், நியூயார்க் மெட்ஸின் நோலன் மெக்லீன், பைரேட்ஸின் பப்பா சாண்ட்லர்.

மிசியரோவ்ஸ்கியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஜூன் மாதம் முதன்முதலாகக் களமிறங்கியபோது ஐந்து இன்னிங்ஸ் ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை; அதாவது பந்தை அடித்து யாரும் பேஸ் எனும் ஓட்ட நிலையை அடையவில்லை. அடுத்த ஆட்டத்தில் முதல் ஆறு இன்னிங்ஸில் ஒருவரையும் பேஸுக்கு அனுப்பவில்லை. ஜூலை 8 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிரான ஆட்டத்தை நேரலையில் பார்த்தேன். முதல் மட்டையாளரான ஷோஹே ஓடானி ஹோம் ரன் அடித்ததும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அதன் பிறகு மிசியரோவ்ஸ்கி ரன்னே கொடுக்காமல், ஆறு இன்னிங்ஸில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றி), எதிர்ப்பக்கம் வீசிய க்ளேட்டன் கெர்ஷாவை வென்றார். அக்டோபரில் அவர் பந்து மணிக்கு 104 மைல் வேகத்தைத் தொட்டது. மெக்லீனின் பந்தோ 95, 96 மைல் அளவில்தான் வருகிறது. இத்தனை வேகம் உள்ளவரைப் பின்னுக்குத் தள்ளி அவரை முன்னே வைப்பதற்கு என்ன நியாயம்? டாட்ஜர்ஸின் ரோகி சசாகியையும் பிலடெல்பியாவின் ஆண்ட்ரூ பெயின்டரையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

இடதுகை பதிலளிக்கிறார்:

உங்கள் நண்பர் சொன்னது சரி என்றே நானும் கருதுகிறேன். ஆனால் மிசியரோவ்ஸ்கியைக் குறைத்து மதிப்பிட்டு அதை நிறுவக் கூடாது என்பதால், முதலில் அவருடைய பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பிட்சர் நிற்கும் ரப்பர் பலகையிலிருந்து ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். மிசியரோவ்ஸ்கியின் உயரம் 6 அடி 7 அங்குலம். அவர் காலை நீட்டி முன்னே பாயும்போது பந்து கையை விட்டு வெளியேறும் இடம் அந்தப் பலகையிலிருந்து ஏழு அடிக்கும் மேல் முன்னால் இருக்கிறது. ஆகவே மட்டையாளருக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ 53 அடி மட்டுமே. நூறு மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. வேகமானியில் தெரியும் எண்ணைவிட மட்டையாளர் உணரும் வேகம் இன்னும் அதிகம். இப்படியொரு கை அரிதிலும் அரிது.

இருந்தாலும் பருவத்தின் முடிவில் அவர் கணக்கு என்ன சொல்கிறது? 66 இன்னிங்ஸில் 87 ஸ்ட்ரைக் அவுட், 31 வாக், 4.36 ஈ.ஆர்.ஏ. முதல் 11 இன்னிங்ஸில் ஒரு ஹிட்டும் கொடுக்காதவர் நான்கு ரன்னுக்கு மேற்பட்ட சராசரியில் முடித்திருக்கிறார் என்றால், பிற்பாதி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு நான்கு பேருக்கு மேல், ஸ்ட்ரைக் ஸோன் எனும் கற்பனைச் சட்டத்துக்கு வெளியே நான்கு பந்து வீசி, அதாவது வாக் கொடுத்து, இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புகிறார். மட்டையாளர்கள் இதைத் தெரிந்துகொண்டார்கள். ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளியே போகும் பந்துகளை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் நடுவில் வீசும் பந்தை அடித்தார்கள். அந்தப் பந்து நூறு மைலில் வந்தாலும், நடுவில் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் மேஜர் லீக் மட்டையாளர்கள் அடித்துவிடுவார்கள்.

மெக்லீனின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 16 அன்று நுழைந்து, எட்டு ஆட்டங்களில் 48 இன்னிங்ஸ், 57 ஸ்ட்ரைக் அவுட், 16 வாக், 2.06 ஈ.ஆர்.ஏ. தொடங்கிய முதல் நான்கு ஆட்டங்களையும் வென்ற முதல் மெட்ஸ் பிட்சர் அவர்தான். ஆனால் எண்களைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கையில் இருக்கும் பந்து வகைகள். தாழ்ந்து விழும் சிங்கர், பக்கவாட்டில் நெடுந்தூரம் விலகும் ஸ்வீப்பர், நிமிடத்துக்கு 3,000 சுழற்சிக்கு மேல் சுழலும் கர்வ்பால், கட்டர், நேர் ஃபாஸ்ட்பால், சேஞ்சப் என்று ஆறு. ஒரு நாள் கர்வ்பால் சரியாக விழவில்லை என்றால் அன்றைக்கு சிங்கரை வைத்துத் தரையோடு உருளும் பந்துகளாக அடிக்க வைத்து, இரட்டை அவுட் வாங்கிக்கொண்டு ஆறு இன்னிங்ஸைக் கடத்திவிடுவார். முதல் ஆட்டத்திலேயே தன் மேல் சீறி வந்த பந்தை முதுகுக்குப் பின்னால் கையுறையில் பிடித்து இரட்டை அவுட்டைத் தொடங்கிவைத்தார், பார்த்தீர்களா? கல்லூரியில் மட்டையாளராகவும் ஆடிய உடற்கட்டு அது. மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில்கூட 2024 வரை இரண்டையும் செய்துகொண்டிருந்துவிட்டு, அதன் பிறகுதான் மட்டையைக் கீழே வைத்தார். முழு நேர பிட்சராகி ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் இவ்வளவு தூரம் வந்தவர் இன்னும் வளர இடம் இருக்கிறது என்று எண்ணுவதில் தவறில்லை.

பிட்சர்களைத் தேடிப் போகும் ஸ்கவுட்டுகள் ஒவ்வொரு பந்து வகைக்கும் கட்டுப்பாட்டுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்பது மேஜர் லீக் சராசரி. மிசியரோவ்ஸ்கியின் ஃபாஸ்ட்பாலுக்கு 80 போட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கட்டுப்பாட்டுக்கு 50 போடவே கை தயங்கும். மெக்லீனிடம் 80 என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாமல் இருக்கலாம். சராசரிக்குக் கீழே என்று சொல்லத்தக்கதும் இல்லை. ஆட்டத்தைத் தொடங்கிவைத்து ஆறு, ஏழு இன்னிங்ஸ் வீச வேண்டியவரிடம் நான் முதலில் பார்ப்பது பலவீனம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஒரே ஒரு இன்னிங்ஸ் வீச வரும் ரிலீவரை மதிப்பிடும்போதுதான் உச்சபட்ச பலத்தை முதலில் பார்ப்பேன்.

ஸ்கார்பரோ ரசிகன் பதிலளிக்கிறார்:

இடதுகை நண்பர் சொன்ன அளவுகோலை அப்படியே ஏற்கிறேன்; ஆனால் அதே அளவுகோலை வைத்து யெசாவேஜை முதலிடத்தில் வைக்க வேண்டும் என்பது என் துணிபு. டொராண்டோக்காரன் என்ற பாசம் இதில் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2025 ஏப்ரலில் அவர் டனீடனில், மைனர் லீக்கின் கீழ்ப்படியில் வீசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ என்று ஒரே ஆண்டில் நான்கு படிகளைக் கடந்து செப்டம்பர் 15 அன்று டாம்பா பே ரேஸ் அணிக்கு எதிராக மேஜர் லீக்கில் அடியெடுத்து வைத்தார்; அன்றே ஒன்பது ஸ்ட்ரைக் அவுட். வழக்கமான பருவத்தில் அவர் வீசியது மூன்றே ஆட்டங்கள். அதற்கடுத்து நேராக யாங்கீஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் (பட்டத்துக்கான சுற்று) தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள்.

அக்டோபர் 5 அன்று நடந்த அந்த ஆட்டத்தை டொராண்டோவின் ராஜர்ஸ் சென்டர் அரங்கில், மேல் அடுக்கில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் அவர் கை தலைக்கு மேல் ஏறக்குறைய செங்குத்தாக எழுவது தெளிவாகத் தெரிந்தது. மற்ற பிட்சர்களின் கை பக்கவாட்டில் சாய்ந்து வரும். இவருடைய உடல் இடப்பக்கம் சாய, கை மேலே போகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து ஃபாஸ்ட்பாலும் ஸ்ப்ளிட்டரும் ஒரே பாதையில் புறப்படுகின்றன. பாதி வழி வரை இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. பிறகு ஸ்ப்ளிட்டர் மட்டும் கிணற்றில் விழுந்த கல் போலக் கீழே போய்விடுகிறது. யாங்கீஸ் மட்டையாளர்கள் பந்துக்கு ஒரு சாண் மேலே மட்டையைச் சுழற்றிவிட்டு, கீழே குனிந்து பந்து எங்கே போனது என்று பார்த்ததை நான் பலமுறை கண்டேன். அவருடைய ஸ்லைடரோ எல்லோருடைய ஸ்லைடரும் போகும் திசைக்கு எதிர்த்திசையில் போகிறது. ஐந்து இன்னிங்ஸ் தாண்டியும் ஒரு ஹிட் கொடுக்கவில்லை. 11 ஸ்ட்ரைக் அவுட். ஆறாவது இன்னிங்ஸில் பயிற்சியாளர் வந்து பந்தை வாங்கியபோது, அரங்கமே எழுந்து நின்றது. என் பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத முதியவர் ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில் டாட்ஜர்ஸுக்கு எதிராக நடந்தது. அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். ஏழு இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக் கூட இல்லை. உலகத் தொடரில் ஒரு புதுமுகம் எடுத்த ஸ்ட்ரைக் அவுட்டுகளில் 1949 முதல் டான் நியூகோம் வைத்திருந்த 11 என்ற சாதனையை அன்று தாண்டினார். அவருக்கு வயது 22. மெக்லீன் எட்டு ஆட்டங்களில் நன்றாக வீசினார் என்பது உண்மை. ஆனால் அவர் அணி பிளேஆஃப் வரவில்லை. ஓடானி, ஃப்ரீமன், பெட்ஸ் நிற்கும் வரிசைக்கு எதிராக அக்டோபர் இறுதியில் வாக் கொடுக்காமல் வீசியவரை மூன்றாவது இடத்தில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

பழைய கணக்கு பதிலளிக்கிறார்:

மூவரும் சொன்னவற்றைப் படித்தேன். நான் இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்துவருவது 1998 முதல். ஆகவே எந்த இளம் பிட்சரின் பெயரைக் கேட்டாலும் என் மனம் முதலில் போவது முழங்கைக்குத்தான்.

அந்த ஆண்டு மே 6 அன்று சிகாகோ கப்ஸின் கெர்ரி வுட், இருபது வயதில், ஹூஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 1999 பருவம் முழுவதும் முழங்கை அறுவைச் சிகிச்சையில் கழிந்தது. அதே அணியில் மார்க் ப்ரையர், 2003-இல் 18 வெற்றி, 2.43 ஈ.ஆர்.ஏ. இவர்தான் அடுத்த தலைமுறையின் தலைவர் என்று நாங்களெல்லாம் நம்பினோம். 2006-க்குப் பிறகு அவர் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010 ஜூன் 8 அன்று, முதல் ஆட்டத்தில், 14 ஸ்ட்ரைக் அவுட். அந்த ஆண்டு முடிவதற்குள் டாமி ஜான் அறுவை (முழங்கைத் தசைநாரைப் புதுப்பிக்கும் சிகிச்சை). திரும்பி வந்து 2019 உலகத் தொடரில் சிறந்த வீரர் விருது வாங்கினார் என்பது மகிழ்ச்சிதான். ஆனால் அதையடுத்து 24.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்ட பிறகு அவரால் எட்டு ஆட்டங்களே வீச முடிந்தது.

இது தனி மனிதர்களின் கெட்ட நேரம் அன்று. மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் பிட்சர் காயங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வேகத்தைத் துரத்துவதும், பந்தின் அசைவைக் கூட்டுவதற்காக ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தில் வீசுவதுமே காயங்களுக்கு முக்கியக் காரணங்கள் என்று அது சொல்கிறது. 2008-இல் சராசரி ஃபாஸ்ட்பால் 91.3 மைல், 2024-இல் 94.2 மைல். முழங்கையின் உள்பக்கம் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார் இந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து வலுப்பெறுவதில்லை. அதைச் சுற்றியுள்ள தசைகளைத்தான் பயிற்சியால் வலுவாக்க முடியும்.

இந்தக் கண்ணோடு உங்கள் வரிசையைப் பாருங்கள். பர்ன்ஸ் தன் முதல் ஆட்டத்தில் ஆரன் ஜட்ஜ் உட்பட முதல் ஐந்து யாங்கீஸ் மட்டையாளர்களையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அடுத்த ஆட்டத்தில் பாஸ்டனில் முதல் இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. அதுகூடப் பெரிதில்லை, இளைஞர்கள் அடி வாங்கித்தான் கற்றுக்கொள்வார்கள். ஆனால் ஆகஸ்ட்டில் முன்கைத் தசை இழுத்துக்கொண்டு காயப் பட்டியலுக்குப் போனார். முன்கைத் தசை என்றதும் எனக்கு அடிவயிற்றைப் பிசைகிறது; முழங்கைத் தசைநார் பழுதாவதற்கு முன் பலருக்கு அங்கேதான் முதல் அறிகுறி தெரிந்திருக்கிறது. பெயின்டரைப் பற்றிக் கேட்டீர்கள். 2023 தொடக்கத்தில் இருபது வயதைத் தொடும் முன்பே பேஸ்பாலின் மிகச் சிறந்த இளம் பிட்சர்களில் ஒருவராகப் பேசப்பட்டவர். அந்த ஜூலையில் டாமி ஜான் அறுவை. 2025-இல் மைனர் லீக்கின் மேல்படியில் ஈ.ஆர்.ஏ. ஐந்துக்கு மேல். அவருடைய வேகம் திரும்பிவிட்டது, பந்தை நினைத்த இடத்தில் வைக்கும் திறன் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அவரை வரிசையிலிருந்து நீக்க வேண்டாம். கீழே வைத்துக் காத்திருங்கள்.

ஸ்கார்பரோ நண்பருக்கு ஒரு சொல். யெசாவேஜ் 2025-இல் மைனர் லீக், மேஜர் லீக், பிளேஆஃப் எல்லாம் சேர்த்து 139 இன்னிங்ஸுக்கு மேல் வீசியிருக்கிறார். தொழில்முறையில் அது அவருக்கு முதல் ஆண்டு. அவர் வீசுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் 2026-இன் தொடக்கத்தில் அணி அவரை மெதுவாக நடத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

யோகோஹாமாவிலிருந்து பதிலளிக்கிறார்:

சசாகியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2022 ஏப்ரல் 10 அன்று ஜப்பானின் சிபாவில் ஓரிக்ஸ் அணிக்கு எதிராக ஒருவரையும் பேஸுக்கு விடாத முழு ஆட்டம் வீசினார். 19 ஸ்ட்ரைக் அவுட், அவற்றில் 13 தொடர்ச்சியாக. அவருக்கு அப்போது வயது 20. ஒரு வாரம் கழித்து அடுத்த ஆட்டத்திலும் எட்டு இன்னிங்ஸ் அதேபோல வீசிக்கொண்டிருந்தவரை, 102 பந்துகள் ஆகிவிட்டன என்று பயிற்சியாளர் வெளியே அழைத்துக்கொண்டார். அதற்கும் முன்னால், 2019-இல், அவருடைய உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர் மாகாண இறுதி ஆட்டத்தில் அவரை இறக்கவேயில்லை. பள்ளி தோற்றது, தேசியப் பள்ளிப் போட்டியான கோஷியனுக்குப் போகும் வாய்ப்பும் போனது, நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்ட கைதான் 2025 மே மாதம் டாட்ஜர்ஸில் தோள் வலியோடு காயப் பட்டியலுக்குப் போனது. பழைய கணக்கு அவர்களின் கவலையை இது இன்னும் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

36 இன்னிங்ஸில் 28 ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 22 வாக் என்பது தொடக்க பிட்சருக்கு உதவாது. ஆனால் அக்டோபரில் ரிலீவராக வந்து பிலடெல்பியா ஃபில்லீஸுக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் வீசினாரே, அந்த ஸ்ப்ளிட்டர் ஜப்பானில் நாங்கள் பார்த்த அதே ஸ்ப்ளிட்டர். ஃபாஸ்ட்பால், ஸ்ப்ளிட்டர் இரண்டையும் தவிர மூன்றாவதாக நம்பகமான ஒரு பந்து அவருக்கு அமையும் வரை நான் அவரைத் தொடக்க பிட்சர்களின் வரிசையில் சேர்க்க மாட்டேன்.

ஒஹாயோவாசி மீண்டும்:

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. வேகத்தை ஒரு தகுதியாக மட்டுமே பார்த்த நான் அதை ஆபத்தாகவும் பார்க்க வேண்டும் என்பதை இதுவரை எண்ணியதில்லை. பட்டியலை மாற்றிவிட்டேன். மெக்லீனும் யெசாவேஜும் முதல் வரிசையில். இருவருக்குள் மெக்லீனை ஒரு முடி அளவு முன்னே வைக்கிறேன், ஆறு வகைப் பந்துகள் என்ற வாதம் என்னை வென்றுவிட்டது. சற்று இடைவெளி விட்டு மிசியரோவ்ஸ்கி. அடுத்து, 31 இன்னிங்ஸில் நான்கே வாக் கொடுத்த சாண்ட்லர். மேலும் கீழே இறக்க மனம் வரவில்லை என்றாலும் அந்த முன்கையை நினைத்து பர்ன்ஸை ஐந்தாவதாக வைக்கிறேன். பெயின்டர் ஆறாவது. சசாகி இப்போதைக்கு வெளியே.

இடதுகை பதிலளிக்கிறார்:

சாண்ட்லரை மேலே கொண்டுவந்தது நல்ல முடிவு. அவரும் நூறு மைலைத் தொடுபவர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். வேகமும் குறைந்த வாக் எண்ணிக்கையும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது. மைனர் லீக்கில் 2025-இல் அவருக்கு வாக் தொல்லை இருந்தது என்பதால்தான் நான் இன்னும் தயங்குகிறேன். இன்னொன்று: இருமுறை சை யங் வென்ற டாரிக் ஸ்கூபல் 2018 டிராஃப்டில் ஒன்பதாவது சுற்றில் தேர்வானவர், கல்லூரியிலேயே டாமி ஜான் அறுவை செய்துகொண்டவர். ஜேக்கப் டிகிராமும் ஒன்பதாவது சுற்றுதான். 22 வயதில் நாம் போடும் எந்தப் பட்டியலிலும் அவர்கள் இருவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஏழாவது இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள்.

ஸ்கார்பரோ ரசிகன் பதிலளிக்கிறார்:

முடி அளவு என்று சொன்னதால் ஏற்றுக்கொள்கிறேன். மெக்லீன் அக்டோபரில் ஒரு ஆட்டம் வீசட்டும், மீண்டும் பேசுவோம்.